ரெக்கார்டு கடைக்குள் ஒரு கச்சேரி: முதல் தடவை போகிறவர்களுக்கு

பிடித்த பேண்டை இருபதாயிரம் பேர் கொள்ளும் லண்டன் ஓ2 அரங்கின் மேல்தட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் நாம் பார்ப்பது பெரிய திரையைத்தான். அந்த மாதிரி பேண்டுகளில் சில, புது ஆல்பம் வெளியான வாரத்தில் ஏதாவது ஒரு ரெக்கார்டு கடைக்குள், இசைத்தட்டு அடுக்குகளை ஓரமாகத் தள்ளிவிட்ட இடத்தில், அரை மணி நேரம் பாடிவிட்டுப் போகும். இங்கிலாந்தில் இதை இன்ஸ்டோர் என்பார்கள். லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்கள் இதற்கு எப்படிப் போவது என்று பார்ப்போம்.

முதலில்: எதற்காகப் பாடுகிறார்கள்?

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பேண்ட் கடைக்கு வருவது ஆல்பம் விற்க. 2015 ஜூலையிலிருந்து புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. பிரிட்டனின் அதிகாரபூர்வ ஆல்பம் சார்ட், அந்த வெள்ளியிலிருந்து அடுத்த வியாழன் வரை நடந்த விற்பனையைக் கணக்கெடுத்து மறுநாள் பட்டியலை வெளியிடும். ஸ்ட்ரீமிங்கில் ஒரே ஒரு ஆல்பம் விற்ற கணக்கு வருவதற்கே எக்கச்சக்கமான தடவை பாட்டு ஓட வேண்டும். கடையில் ஒருவர் எல்பி என்ற பெரிய வினைல் இசைத்தட்டை வாங்கினால் உடனே ஒன்று ஏறிவிடும். அதனால்தான் முதல் வாரத்தில் ஊர் ஊராகக் கடை ஏறி இறங்குகிறார்கள். டிக்கெட்டையும் ஆல்பத்தையும் சேர்த்து விற்பது, சீக்கிரம் முடிப்பது, கடைசியில் கையெழுத்துப் போடுவது எல்லாமே இந்தக் கணக்கில் வருபவை. வியாபாரம் என்று தெரிந்த பிறகு ரசனை குறையுமோ என்று கேட்டால், எனக்குக் குறையவில்லை. எந்தச் சபாவும் டிக்கெட் விற்றுத்தானே நடக்கிறது!

படி 1: கடையைப் பிடியுங்கள்

கிழக்கு லண்டனில் பிரிக் லேனை ஒட்டி, பழைய ட்ரூமன் மதுவாலை வளாகத்தில் 2007-இல் திறந்த ரஃப் ட்ரேட் ஈஸ்ட், தொடங்குவதற்கு நல்ல இடம். ஜெஃப் ட்ராவிஸ் 1976-இல் மேற்கு லண்டனில் ஆரம்பித்த சின்னக் கடையின் வழி வந்தது இது. உள்ளேயே மேடை, காபி எல்லாம் உண்டு. கிங்ஸ்டனில் பேங்க்வெட், பிரைட்டனில் ரெசிடென்ட், லீட்ஸில் ஜம்போ, கார்டிஃபில் 1894-இல் தொடங்கிய ஸ்பில்லர்ஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் பேர்போன கடை இருக்கிறது.

உங்களுக்குப் பக்கத்துக் கடையின் மின்னஞ்சல் பட்டியலில் சேருங்கள். பேண்டின் பட்டியலிலும் சேருங்கள். சமூக ஊடகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கண்ணில் படும்போது டிக்கெட் தீர்ந்திருக்கும்.

படி 2: அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள்

கடையின் பெயரில் நடப்பதெல்லாம் கடைக்குள் நடப்பதில்லை. கூட்டம் அதிகம் வரும் என்று தெரிந்தால் பக்கத்து நைட்கிளப்பையோ தேவாலயத்தையோ எடுத்து நடத்துவார்கள். இதற்கு அவுட்ஸ்டோர் என்று பெயர். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. இடத்தின் முகவரியைப் பாருங்கள்.

அப்புறம், ‘அக்கூஸ்டிக்’ அல்லது ‘ஸ்ட்ரிப்ட் பேக்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் முழு டிரம்ஸ், எலக்ட்ரிக் கிடார் இரைச்சல் எல்லாம் இருக்காது. ஐந்து பேர் உள்ள பேண்டிலிருந்து இரண்டு பேர் மட்டும் வருவதும் சகஜம்.

டிக்கெட் விலை, கூட வரும் ஆல்பத்தைப் பொறுத்தது. சிடியோடு வாங்கினால் மலிவு, எல்பியோடு வாங்கினால் கூடுதல். வீட்டில் எல்பி ஓட்டும் டர்ன்டேபிள் இல்லாதவர்கள் சிடியே வாங்குங்கள், அதிலும் கையெழுத்து வாங்கலாம். இரண்டு பேர் போவதானால் பெரும்பாலும் இரண்டு ஆல்பம் வாங்க வேண்டிவரும். சில கடைகள் ‘ஒரு ஆல்பம், இரண்டு அனுமதி’ என்று தனியாக விற்கும், அதைத் தேடிப் பாருங்கள். வயது வரம்பு இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

படி 3: அன்றைக்கு

மாலை ஆறு, ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடும். பாடுபவர் வர ஒன்பதாகும் என்ற பெரிய அரங்கின் கணக்கு இங்கே செல்லாது. முன்னதாகப் போய், கல்லாவில் ஆர்டர் எண்ணைக் காட்டி, ஆல்பத்தையும் ரிஸ்ட்பேண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்பத்தைக் கச்சேரி முடிந்த பிறகுதான் தருகிறார்கள் என்றால் இன்னும் நல்லது, கை சும்மா இருக்கும். பெரிய பை வேண்டாம். வைக்க இடம் இருக்காது. சின்னக் கடைகளில் கழிப்பறையும் இருக்காது.

ரஃப் ட்ரேட் ஈஸ்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிட்டுவிட்டு டிஸ்ட்ரிக்ட் லைன் என்ற சுரங்க ரயில் தடத்தில் ஏறினால், வண்டி மாறாமல் ஆல்ட்கேட் ஈஸ்டில் இறங்கலாம். அங்கிருந்து நடைதான்.

படி 4: எங்கே நிற்பது

கடை மேடை உயரம் குறைவு, சில இடங்களில் மேடையே கிடையாது. நான்காவது வரிசைக்குப் பின்னால் நிற்கும் குள்ளமானவருக்குப் பாடகரின் நெற்றி தெரிந்தால் அதிர்ஷ்டம். எனவே உயரம் குறைந்தவர்கள் முன்வரிசையின் ஓரத்துக்குப் போங்கள். உயரமானவர்கள் தயவுசெய்து பின்னால் நில்லுங்கள். ஒலி சரியாக விழுவது நடுவில், கொஞ்சம் தள்ளி, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்றால் ஒரு பக்கம் மட்டுமே கேட்கும். சுவரை ஒட்டி நின்றால் பேஸ் என்ற கனத்த கீழ் ஒலி மட்டும் மொத்தமாகத் திரண்டு நிற்கும்.

அடுக்குகளின் மேல் சாயாதீர்கள், பியர் கோப்பையை இசைத்தட்டுகள் மேல் வைக்காதீர்கள். அது கடையின் சரக்கு.

படி 5: கேட்பது

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆல்பத்தில் கேட்ட சத்தத்தை எதிர்பார்த்துப் போனால் ‘என்னப்பா, வெறும் கிடாரோடு முடித்துவிட்டார்கள்’ என்று தோன்றும். எது விட்டுப்போயிருக்கிறது, அதன் இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று கவனியுங்கள்.

டிரம்ஸ் கலைஞர் கஹோன் என்ற பெட்டியின் மேல் உட்கார்ந்து கையால் தட்டுவார். பெரு நாட்டிலிருந்து வந்த வாத்தியம் அது. இல்லாவிட்டால் டிரம்ஸ் செட்டில் உள்ள ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை மட்டும் பிரஷால் தடவுவார். ஸ்டுடியோவில் நான்கு அடுக்காகப் பதிவான குரல் இங்கே ஒற்றைக் குரல். மேல் ஸ்தாயியில் பிசிறடித்தால் மறைக்க ஒன்றுமில்லை. கிடாரின் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பை மாட்டியிருந்தால் சுருதியை மாற்றியிருக்கலாம். இரைச்சலில் பிடிபடாத வரிகள் பிடிபடும். சுமாரான பாட்டு சுமாரானது என்பதும் தெரிந்துவிடும்! சபாவில் மைக் வழியாகக் கேட்ட பாடகரை யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் கேட்பது போலத்தான் இது. முன்வரிசையில் நிற்பவர்களுக்கு ஸ்பீக்கரைத் தாண்டி, வாயிலிருந்து நேராகவே குரல் வரும்.

அதனால் பேசாதீர்கள். பெரிய அரங்கில் நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது, இங்கே பாடுகிறவருக்கே கேட்கும். போனில் ஒரு பாட்டைப் பதிவு செய்தால் போதும். அந்த வீடியோவை நீங்களே திரும்பப் பார்க்கப்போவதில்லை.

பெரும்பாலும் புது ஆல்பத்துப் பாட்டுகள்தான் வரும். கடைசியில் பழைய ஹிட் ஒன்று வரலாம். முன்கூட்டியே ஆல்பத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 6: கையெழுத்து

எல்லா நிகழ்ச்சியிலும் உண்டு என்று சொல்ல முடியாது, இருந்தால் பாட்டு முடிந்ததும் வரிசை கட்டும். பல கடைகளில் அங்கே வாங்கியதில் மட்டும்தான் போடுவார்கள். பழைய ஆல்பங்களை மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வரிசையில் நிற்கும்போதே மேலுறை பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடுங்கள். அதன்மேல் வாங்கிய கையெழுத்து பிளாஸ்டிக்கோடு குப்பைக்குப் போகும். பெயரோடு வேண்டுமென்றால் ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ழகரம் உள்ளவர்கள். ஒரு வார்த்தை பேசக் கிடைக்கும் நேரம் பத்து, பதினைந்து விநாடிதான். எந்தப் பாட்டு பிடித்தது என்று சொல்லுங்கள், செல்ஃபி கேட்பதற்கு முன் கடைக்காரர் அனுமதிக்கிறாரா என்று பாருங்கள். பளபளப்பான அட்டையில் மார்க்கர் மை சீக்கிரம் காயாது. ஒரு ஐந்து நிமிடம் திறந்தே பிடித்திருந்துவிட்டு அப்புறம் பையில் போடுங்கள்.