வாயு விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அறை என்பது போத்தல் அல்ல

போன சனிக்கிழமை ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பதினொரு தாளில் ஒரே பிழை. அந்த வயதில் நான் விட்ட பிழையும் அதுதான். செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறப்பதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு தடவை சிவப்பு மையில் கண்டால் பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள்.

அறையை மூடிய பாத்திரமாக எடுப்பது

நுவரெலியாவில் ஓர் அறை. நீளம் 3 மீற்றர், அகலம் 3 மீற்றர், உயரம் 2.5 மீற்றர். கதவு, யன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. விடிகாலையில் 10 பாகை. ஹீற்றர் போட்டு 20 பாகைக்குக் கொண்டுவருகிறோம். உள்ளே இருக்கும் காற்றுக்கு என்ன நடக்கும்?

"கனவளவு மாறாது சேர், அப்போ அமுக்கம் கூடும்." உடனே வரும் விடை இது. சரி, கூட்டிப் பார்ப்போம். 1868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபஸ்கால். கெல்வினில் 293/283 ஆல் பெருக்கினால் 84க்குக் கிட்ட வரும். கணக்கில் குறையே தெரியாது. இப்போது கதவைப் பாருங்கள். 2 சதுர மீற்றர் கதவை உள்ளிருந்து கூடுதலாகத் தள்ளும் விசை ஏறத்தாழ 5,700 நியூற்றன், அதாவது 580 கிலோ பாரம். எந்தக் கீல் அதைத் தாங்கும்? லயத்தில் அடுப்பு மூட்டியதும் கதவு பிய்ந்து விழுந்ததை யாராவது கண்டதுண்டா?

கதவுக்குக் கீழே, யன்னல் சட்டத்தில், தகரக்கூரை இடுக்கில் எல்லாம் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். அமுக்கம் மாறுவதில்லை, குறைவது திணிவு. தொடக்கத்தில் அந்த அறையில் ஏறத்தாழ 22 கிலோகிராம் காற்று. 20 பாகை வரும்போது அதில் முக்கால் கிலோகிராம் வெளியே போயிருக்கும். போயில், சாள்ஸ், அமுக்க விதி மூன்றும் "நிலையான திணிவுள்ள வாயு" என்றுதான் தொடங்குகின்றன. பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள், கணக்கில் மட்டும் மறந்துவிடுவார்கள். கேள்வியில் "காற்றுப்புகாத" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் காற்று போக வழி உண்டு.

ஒரு தவணைப் பரீட்சையில் முதல் பகுதியிலேயே அமுக்கத்தைக் கூட்டி எழுதிவிட்டேன். அடர்த்தி, மூல் எண்ணிக்கை, தேவையான வெப்பம் எல்லாம் அந்தப் பெறுமானத்தில் இருந்தே வந்தன. ஒரு முழுக் கட்டுரை வினா போனது. தாளில் குறுக்குக் கோடு மட்டும் இருந்தது. ஏன் பிழை என்று ஒரு சொல் இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பதினொரு தாளிலும் காரணத்தை எழுதித்தான் கொடுத்தேன்.

டயர் மானியின் எண்ணை அப்படியே போடுவது

மானி காட்டுவது வெளியமுக்கத்துக்கு மேலே உள்ளதை மட்டும். கொழும்பில் 30 பாகையில் 32 பீ.எஸ்.ஐ. அடித்த டயர் 10 பாகை நுவரெலியாவுக்கு வருகிறது. 32ஐ நேரே 283/303 ஆல் பெருக்கினால் 30க்குச் சற்றுக் கீழே வரும். பிழை. கொழும்பின் வெளியமுக்கமான 14.7ஐச் சேர்த்தால் 46.7, குளிர்ந்ததும் 43.6, இங்குள்ள வெளியமுக்கமான 11.7ஐக் கழித்தால் திரும்பவும் ஏறத்தாழ 32. குளிர் எடுத்ததை உயரம் கொடுத்துவிட்டது. எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

ஈரக் காற்று

நிரம்பிய ஆவிக்கு, அதாவது காற்று இனிமேல் ஏற்க முடியாத அளவு நீராவி இருக்கும்போது, வாயு விதி பொருந்தாது. மொத்த அமுக்கத்தில் இருந்து அதன் அமுக்கத்தைக் கழித்துவிட்டு, உலர்ந்த காற்றுக்கு மட்டும் போடுங்கள்.

மலையேறி வந்த மிக்சர் பைக்கற் உப்புவது

வெளியமுக்கம் குறைந்ததால். வெப்பநிலையைத் தேட வேண்டாம்.