பள்ளி விழாக்களில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்கியது முதல் மார்ச் மாதப் பொதுத்தேர்வு வரை விழாக்களுக்குக் குறைவே இல்லை. காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதை அடுத்துச் சுதந்திர தினம், ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம், பொங்கல், குடியரசு தினம், விளையாட்டு விழா, ஆண்டு விழா, பன்னிரண்டாம் வகுப்பினருக்கான பிரிவு உபசார விழா என்று வரிசை நீள்கிறது. இத்தனை நடந்தும், படித்து முடித்து வெளியேறும் மாணவர் பலருக்குத் தம் பள்ளியின் மீது ஒட்டுதல் ஏற்படுவதில்லை. விழாவைப் பிள்ளைகளுக்கு உரியதாகக் கருதாமல், வருகை தரும் பெரியவர்களுக்குக் காட்டும் காட்சியாகவே நாம் நடத்தி வருவதுதான் இதற்கு முதற்காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைப்பவை.

ஆண்டு விழாவையே எடுத்துக்கொள்வோம். மாலை ஐந்து மணி நிகழ்ச்சிக்கு நண்பகலிலேயே ஒப்பனை தொடங்கிவிடும். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாடகைக்கு எடுத்த பரதநாட்டிய உடையை அணிந்து, இடுப்பைச் சுற்றி ஊக்குகள் குத்தப்பட்ட நிலையில், மேடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பாள். கழிவறைக்குப் போனால் உடை கலைந்துவிடும் என்று சொல்லியிருப்பதால் அவள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு வந்து, குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரைகள் எல்லாம் முடியும்போது ஒன்பது மணியை நெருங்கியிருக்கும். அதற்குப் பிறகு, 'நேரம் ஆகிவிட்டது, பாட்டைப் பாதியோடு நிறுத்துங்கள்' என்று ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லப்படும். இரண்டு மாதம் பழகிய ஆட்டத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கும் பிள்ளைக்கு, அந்த மேடை யாருடையது என்பது நன்றாகவே புரிந்துவிடுகிறது.

இதைத் தவிர்ப்பது கடினமன்று. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் கலைநிகழ்ச்சிகளைத் தொடங்கிவிடலாம். சிறு வகுப்புப் பிள்ளைகளை முதலில் ஆடவிட்டுப் பெற்றோரிடம் அனுப்பிவிடலாம். உரைகளை இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒப்பனை தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு உணவு கொடுத்துவிட வேண்டும். மேடைக்கு அருகில் குடிநீரும், உதவிக்கு ஓர் ஆசிரியையும் இருக்க வேண்டும். அழைப்பை ஏற்கும்போதே நேரத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், பெரும்பாலான விருந்தினர்கள் அதற்குக் கட்டுப்படவே செய்வார்கள்.

வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டுத் தட்டுகளோடு மாணவியரை நிறுத்தும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். வரவேற்பது நல்ல பண்புதான். ஆனால் அந்த வேலையை ஏன் பெண் பிள்ளைகள் மட்டும் செய்ய வேண்டும்? அவர்களிலும் சிவந்த நிறமுள்ளவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், நடனத்தில் கறுத்த பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளுவதும் பல பள்ளிகளில் வாய்விட்டுச் சொல்லப்படாமலேயே நடக்கின்றன. ஒதுக்கப்பட்ட பிள்ளை அதைக் கவனிக்கவில்லை என்று எந்த ஆசிரியரும் எண்ணிவிடக் கூடாது.

மேடை ஏறும் பிள்ளைகள் ஆண்டுதோறும் அதே இருபது பேராக இருப்பது மற்றொரு தவறு. உடை வாடகை, நகை, பூ என்று வீட்டிலிருந்து பணம் கேட்டவுடன், கொடுக்க முடியாத பிள்ளைகள் 'எனக்கு ஆட விருப்பமில்லை டீச்சர்' என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். நாமும் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறோம். 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று உயர்ந்து, கலையரசன், கலையரசி விருதுகளில் முடிகிறது. பறையையும் சிலம்பத்தையும் வீட்டிலேயே கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு இது உண்மையான வாய்ப்பு. ஆனால் மாவட்ட, மாநிலச் சுற்றுகளுக்குப் போய் வெல்லக்கூடியவர்கள் யார் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து, பள்ளி அளவிலான சுற்றைப் பெயருக்கு நடத்தி முடித்தால் திட்டத்தின் பயனே கெட்டுவிடும். அந்த முதல் சுற்றில் விரும்பிய எல்லோரும் பங்கேற்க வேண்டும். உடைக்குக் காசு கேட்கக் கூடாது. ஆட விரும்பாதவர்களுக்கும் திரைச்சீலை வரைவது, ஒளியமைப்பைக் கவனிப்பது, தொகுத்து வழங்குவது என்று வேலைகள் பல உள்ளன.

அடுத்தது, எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கையாள வேண்டிய அணிப் பிரிப்பு. 2024-ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற பெயரில் மாணவர்களைப் பிரித்துக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்கள் அமைக்கப்பட்டன. தனியார் பள்ளிகளில் இது நெடுங்கால வழக்கம். நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும், வண்ணமும் அணியும் நம் பள்ளிகள் சிலவற்றில் சாதியை அடையாளம் காட்டும் வேலையையும் செய்து வந்திருக்கின்றன என்பதை மறந்துவிட்டு இதை நடத்த முடியாது. 2023 ஆகஸ்ட் மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன்படித்த மாணவர்களாலேயே வெட்டப்பட்டனர். அதன் பின்னர் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு, 2024 ஜூன் மாதம் அளித்த அறிக்கையில், சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும் மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்தவும் பரிந்துரைத்தது.

ஆகவே, குழுக்களைப் பிரிக்கும்போது நண்பர்களையும் ஒரே தெருப் பிள்ளைகளையும் அவரவர் விருப்பப்படி சேரவிடுவது பெருந்தவறு. எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிக்க வேண்டும். ஒருமுறை விழுந்த சீட்டை யார் வந்து கேட்டாலும் மாற்றக் கூடாது. குழுத் தலைவரை மதிப்பெண்ணைப் பார்த்து நியமிப்பதையும் விட்டுவிட்டு, இரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். ஓட்டப்பந்தயத்துக்கும் கபடிக்கும் மட்டும் குழுவை அழைக்காமல், நூலகத்தை ஒழுங்குபடுத்துவது, மரக்கன்றுகளைப் பராமரிப்பது போன்ற வேலைகளுக்கும் புள்ளிகள் கொடுத்தால், வேறு வேறு தெருக்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஆண்டு முழுவதும் தோளோடு தோள் நின்று உழைக்கும் நிலை உருவாகும். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமும் அதன் வழியே வரும்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினரைப் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி எல்லாவற்றிலிருந்தும் விலக்கிவைப்பதும், உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் வாங்குவதும் தலைமையாசிரியர்கள் பலர் நல்லெண்ணத்தோடு செய்கின்ற தவறுகள். பள்ளியை நன்கு அறிந்த மூத்த மாணவர்கள் இல்லாத விளையாட்டு விழாவில், இளையவர்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்? டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு தொடங்கும்வரையாவது அவர்களுக்கு இடம் கொடுக்கலாம். அருகருகே உள்ள பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் வென்றவர்களுக்கான சான்றிதழில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று உடனுக்குடன் சரிபார்ப்பதும் அவசியம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில், ஓர் எழுத்துப் பிழைக்காக அலைந்து திரிவது அந்த மாணவரும் அவருடைய பெற்றோரும்தான்.

பாடல் தேர்வைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வரிகளை முழுவதும் படித்துப் பார்த்து, பிள்ளைகள் வாயில் வரக் கூடாதவை என்று தோன்றுவதை விலக்கிவிட வேண்டும். மாணவியரின் நடனக் காணொளிகளைப் பொதுத்தளங்களில் பதிவேற்றக் கூடாது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.

பிரிவு உபசார விழாவில் பணம்தான் முதல் சிக்கல். ஒரே நிறத்தில் பட்டுப்புடவை, கேக், ஆசிரியர்களுக்குப் பரிசு என்று வசூல் கூடிக்கொண்டே போகும்போது, கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை அன்றைக்கு 'காய்ச்சல்' என்று விடுப்பு எடுத்துக்கொள்கிறது. சீருடையிலேயே விழாவை நடத்தி, செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டால் யாரும் விடுபடமாட்டார்கள். கடைசித் தேர்வு நாளில் மையைத் தெளிப்பதும் மேசை நாற்காலிகளை உடைப்பதும் நடந்தால் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏழு ஆண்டுகளில் அந்த மேசைக்கு ஒருமுறையேனும் வண்ணம் பூசும் பொறுப்பு அவர்களிடம் தரப்பட்டதா என்று பள்ளியும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விழா முடிந்த மறுநாள் காலையில் மைதானத்தைக் கூட்டவும் நாற்காலிகளை அடுக்கவும் வழக்கமாகச் சில குறிப்பிட்ட பிள்ளைகளையே அழைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அந்த வேலைக்கான பட்டியலை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஐந்து குழுக்களுக்கும் சமமாகப் பிரித்து, ஆசிரியர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.