மலையக ஆலயத்தில் பாடலுடன் மாலை ஆராதனையும் உரையாடலும் நடத்துவது எப்படி

கண்டியிலோ நுவரெலியாவிலோ உள்ள அங்கிலிக்கன் ஆலயமொன்றில் மாலை ஆராதனையைப் பாடலாக நடத்தி, அதன் பின் உரையாடலொன்றையும் வைக்க விரும்பும் தமிழ்ச் சபையார் முதலில் தீர்மானிக்க வேண்டியது நேரத்தையே. தோட்டங்களுக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸைக் கணக்கில் எடுத்து, ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்குங்கள். இருட்டும் வேளையில் தொடங்கினால் நகரத்தார் மட்டுமே எஞ்சுவர்.

ஒழுங்கை நீங்கள் புதிதாக அமைக்க வேண்டியதில்லை. 1662ஆம் ஆண்டின் அங்கிலிக்கன் ஜெப புத்தகம் வகுத்த வரிசையில் பாவ அறிக்கை, சங்கீதம் (வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலுள்ள பாட்டு), பழைய ஏற்பாட்டு வாசகம், மரியாளின் பாட்டு, புதிய ஏற்பாட்டு வாசகம், சிமியோனின் பாட்டு, விசுவாசப் பிரமாணம், ஜெபங்கள் என்பன ஒன்றையொன்று தொடர்கின்றன. குருவானவர் வர இயலாத நாளில் சபையார் ஒருவரே இதை நடத்தலாம். ஆனால் பாவமன்னிப்புக் கூறுதல் குருவுக்கே உரியதாகையால் அதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அதிக உழைப்பைக் கேட்பது சங்கீதமே. சங்கீத வசனங்களைப் பாடுவதற்கான அங்கிலிக்கன் மெட்டின் எளிய வடிவத்தில் பத்துச் சுரக்கூட்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) உள்ளன: வசனத்தின் முற்பாதிக்கு நான்கு, பிற்பாதிக்கு ஆறு. ஒவ்வொரு பாதியிலும் முதற் கூட்டில் எத்தனை சொற்களையும் பேசுவதுபோல் நிறுத்திப் பாடலாம். எஞ்சிய கூட்டுகள், முற்பாதியில் மூன்றும் பிற்பாதியில் ஐந்தும், அசைக்கு ஒன்றாக நகரும். 121ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு” என்பதை ஒரே சுரத்தில் ஓதி, “நேராக” என்பதன் மூன்று அசைகளில் நகருங்கள். பின்னர் “என் கண்களை” என்று ஓதி, “ஏ-றெ-டுக்-கி-றேன்” என்ற ஐந்தசைகளில் முடியுங்கள். அடுத்த வசனம் இவ்வளவு இணக்கமாக அமையாது. “கர்த்தரிடத்திலிருந்து” என்ற நெடுஞ்சொல்லை எங்காவது உடைத்தாக வேண்டும். “இருந்து” தொடங்கும் இடத்தில் நகர்ந்தால் பொருள் சிதையாது. பாடகர் குழு ஒவ்வொரு வசனத்தையும் முதலில் ஒன்றாக வாசித்து, நகரும் அசைகளின் கீழ் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளட்டும். ஓதும் பகுதியில் விரைந்தோடி இறுதி அசைகளில் இழுப்பதே வழக்கமான பிழை. ஜெப புத்தகம் 150 சங்கீதங்களையும் முப்பது நாட்களுக்குப் பங்கிடுகிறது. அதில் 15ஆம் நாள் மாலைக்கு உரிய 78ஆம் சங்கீதம் எழுபதுக்கு மேற்பட்ட வசனங்களைக் கொண்டது. அதை முழுவதும் பாட முயல்வது பக்தியல்ல, பிடிவாதம். ஒரு பகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுரக்கூட்டுகளைப் பிரித்துப் பாடும் நான்கு குரல்களுக்கும் ஆளில்லையென்றால் எல்லோரும் ஒரே குரலில் பாடுவதில் குறைவேதுமில்லை. நிறைவுப் பாடலாகத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபில் வந்த கீர்த்தனையொன்றை வைத்தால், அதுவரை அமைதியாயிருந்த முதியோரின் குரலும் எழும். மழைக்கால ஈரலிப்பில் ஆர்மோனியத்தின் கட்டைகள் இறுகிவிடுமாதலால் அதை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

உரையாடலைப் பிரசங்கத்தின் தொடர்ச்சியாக்கிவிடாமல், தேநீர் அருந்தியபின், இயன்றால் வேறொரு கூடத்தில் நடத்துங்கள். பேசுபவருக்கு இருபது நிமிடம் போதும். கேள்விகளுக்கு அதைவிடக் கூடுதலாக ஒதுக்குங்கள். மலையகத்திலேயே பொருள் நிறைய உண்டு. தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்ற 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ அத்தோட்ட மக்களை எப்படிப் பார்த்தது என்பதை அதன் பெயரிலிருந்தே தொடங்கிக் கடுமையாக விசாரிக்கலாம். அதில் வேதம் போதித்த உபதேசியார்களின் உழைப்பையும் அதே மேசையில் வைக்கத்தான் வேண்டும். கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் இன்னொரு பொருள்: 1935இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அக்கட்டடம், கண்டிய மரபில் செதுக்கிய கற்றூண்களோடு, பக்கச்சுவர்களின்றித் திறந்து நிற்கிறது. அங்கே இலங்கை ஓவியர் டேவிட் பெயிண்டர் வரைந்த சிலுவைக் காட்சியில் தாடியற்ற இளைஞராகவே கிறிஸ்து காணப்படுகிறார். முன்னனுமதி பெற்று அதை நேரில் பார்த்துவிட்டு வந்து பேசுவது, படத்தைத் திரையில் காட்டுவதைவிடப் பயன் தரும். பௌத்த, இந்து நண்பர்களையும் அழையுங்கள். முதற் கேள்வியை அவர்களில் ஒருவரிடமே விடுங்கள்.