கிளட்ச் கேபிள் அறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்

மாருதி 800, பழைய ஆல்டோ வைத்திருப்பவர்களுக்கு: கிளட்ச் பெடல் திடீரென்று கனமாகி, ரிவர்ஸ் போடும்போது கறகறவென்று சத்தம் வந்தால், உடனே கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் பானெட்டைத் திறந்து கியர் பாக்ஸ் பக்கம் உள்ள லீவரில் கேபிள் முடியும் இடத்தைப் பாருங்கள். அங்கே கம்பி இழை இழையாகப் பிரிந்திருந்தால் அது எந்த நேரமும் அறும். பிளேட் செலவோடு ஒப்பிட்டால் கேபிள் விலை ஒன்றுமே இல்லை.

மாற்றுவது சுலபம். இன்ஜின் ஆறியதும் லீவர் முனை நட்டைக் கழற்றி, அப்புறம் பெடல் கொக்கியிலிருந்து விடுவித்து உருவ வேண்டும். புதியதைப் பழையது போன பாதையிலேயே விடுங்கள். எங்கும் மடங்கக் கூடாது, சைலன்சர் பைப்பைத் தொடக் கூடாது. பெடல் கொக்கியில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.

முக்கியமானது ஃப்ரீ பிளே. பெடலை விரலால் அழுத்தினால் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு லேசாக இறங்கி, அதன் பிறகுதான் கனம் தெரிய வேண்டும். மெக்கானிக்கே மாற்றினாலும் இதை நீங்களே அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் லீவர் முனை நட்டை அதிகமாக முறுக்கிவிட்டால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், பிளேட் வழுக்கி, நன்றாக இருந்ததும் தீய்ந்துவிடும். ரொம்ப லூஸாக விட்டாலோ கியர் விழாது.