பந்தல் நிறைய இலை, கொத்தைத்தான் காணோமா? வீட்டுத் திராட்சைக்கு உரம் வைப்பது இப்படி

கொடி நட்டு, பந்தல் ஏற்றி, இரண்டு வயதும் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ரகம் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரின் பன்னீர், அதுதான்.

முதலில் கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. உரக் கணக்கெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் ஊரில் டிசம்பர்-ஜனவரியில் ஒன்று, மே-ஜூனில் ஒன்று. வெட்டாத கொடிக்கு எவ்வளவு கொட்டினாலும் இலைதான் வரும்.

வெட்டிய கையோடு தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக அரை அடி ஆழத்துக்குக் கொத்துங்கள். மண்வெட்டி வேண்டாம், வேரை அறுத்துவிடும், சின்னக் களைக்கொத்து போதும். நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பக்கெட், வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ போட்டு மூடி, தண்ணீர் விடுங்கள். தண்டை ஒட்டிக் குவிப்பதில் பயனில்லை, சத்தை இழுக்கும் சின்ன வேர்கள் அங்கே குறைவு.

அடுத்து சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். இலை பச்சையாக இருக்கிறது, கொத்து இல்லை என்றதும் இன்னும் கொஞ்சம் யூரியா வைக்கத் தோன்றும். பன்னீருக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவைப் பாருங்கள்: கொடிக்குத் தழைச்சத்து (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) 200 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 160, சாம்பல்சத்து 600. அதாவது தழையைப் போல மூன்று மடங்கு சாம்பல்! அந்த அளவு தோட்டத்தில் பெரிய பந்தலில் படரும் கொடிக்கு. வீட்டுக்கு அதை அப்படியே போடாதீர்கள், விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பந்தலுக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 100 கிராம் வாங்கி, பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை 60 நாள் கழித்துப் பிஞ்சு பருக்கும் சமயத்திலும் வைத்தால் சரி. கடையில் சிவப்புப் பொட்டாஷ்தான் முதலில் நீட்டுவார்கள், விலையும் குறைவு. ஆனால் அதில் குளோரைடு இருக்கிறது, போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருக்கும் வீட்டில் அதைத் தொடவே மாட்டேன். அப்புறம், கைப்பிடிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசு ஒன்று போதும்.

விறகடுப்புச் சாம்பலும் போடலாம், கொஞ்சமாக. யூரியாவோடு மட்டும் கலக்காதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

பூ விரியும் முன் ஒரு தெளிப்பு: ஒரு லிட்டர் தண்ணீரில் யூரியா 10 கிராம், துத்தநாக சல்பேட் 2 கிராம், போரிக் அமிலம் 1 கிராம். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். போரிக் அமிலத்தைக் கண் மதிப்பில் கூட்டிவிடாதீர்கள், இலை கருகும்.

பின்சேர்க்கை: பொட்டாஷ் வைத்த பிறகு அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சளாகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பொட்டாஷ் கூடினால் கொடி மக்னீசியத்தை எடுப்பது குறையும். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள், அடுத்த பொட்டாஷ் தவணையைப் பாதியாக்குங்கள். மஞ்சளான பழைய இலை பழையபடி பச்சையாகாமல் போகலாம், புது இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் மேலே சொன்ன பொட்டாஷில் கால் பங்கு எடுத்து, அதையும் நாலைந்து தவணையாகத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டாம், முதலில் வெறும் தண்ணீர்.