மார்கரெட் ரிவருக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? முதலில் காற்றைக் கேளுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறியதிலிருந்து, அதற்குத் தெற்கே கடலோரம் உள்ள மார்கரெட் ரிவர் ஒயின் பகுதிக்கு ஆறு முறை போய்விட்டோம். முதல் முறை படு சொதப்பல். காலை பத்து மணிக்கே ஒயின் தோட்டங்களில் இறங்கி, மூன்றாவது தோட்டத்தில் மகள் புல்தரையில் உருண்டு அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தி நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போனால், காற்றில் மணல் ஊசியாய்க் குத்துகிறது. "இதுக்காடா மூணு மணி நேரம் வண்டியில வந்தோம்?" என்றார் அம்மா.

அந்தக் காற்று அன்றைக்கு மட்டும் வந்ததல்ல. கோடையில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று கிளம்பி, மதியத்துக்கு மேல் வலுத்துவிடும். காலையில் பெரும்பாலும் நிலத்துப் பக்கமிருந்து வீசுவதால் மேற்குக் கரையில்கூடக் கடல் அடங்கியிருக்கும். இப்போது எங்கள் கணக்கு இதுதான்: காலையில் கடல், மதியம் ஒரே ஒரு ஒயின் தோட்டம், வெயில் ஏறியபின் குகை அல்லது காடு.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் டன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள மீலப் கடற்கரைக்கே போங்கள். ஜியோகிராஃப் விரிகுடாவுக்குள் ஒதுங்கி இருப்பதால் தென்மேற்குக் காற்று அதிகம் தொடாது. மரநிழலும் உண்டு, பாட்டிகள் உட்கார அது முக்கியம். ஒன்பது மணிக்கு முன் போனால்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். யாலிங்கப்பில் பாறைத் திட்டு அலையைத் தடுத்து ஒரு குளம்போல ஆக்கியிருக்கிறது. மார்கரெட் ரிவர் ஊருக்குப் பக்கம் என்றால் நாரபப். பிரெவெல்லியின் சர்ஃபர்ஸ் பாயின்ட்டில் அலைச்சறுக்கு வீரர்களை மேலே நின்று வேடிக்கை பார்த்தால் போதும், குளிக்க வேண்டாம். இஞ்சிடப்பில் பாறைகளுக்கு நடுவே நுரை பொங்கும் 'இயற்கை ஸ்பா'வின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அலை பெரிதாக இருக்கும் நாளில் அங்கே இறங்கவே கூடாது. தண்ணீர் பாறைக்கு மேலேயே ஏறி அடிக்கும்.

இப்போது ஒயின். வண்டியை யார் ஓட்டுவது என்பதை முந்தின இரவே முடிவு செய்யுங்கள். தோட்டத்து வாசலில் நின்றுகொண்டு பேசினால் சண்டைதான் வரும். ஆஸ்திரேலியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே குற்றம், புது லைசென்ஸ்காரர்களுக்குப் பூஜ்யம். நானும் மனைவியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொள்கிறோம். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சப்படாதீர்கள், தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள். ருசி பார்க்கப் பல இடங்களில் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்வதும் உண்டு. குழந்தைகளைக் கூட்டிப்போகத் தடையில்லை. தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒயினை விடப் புல்வெளியின் அளவைத்தான் நான் பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டை முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் ஐஸ் பெட்டியில் தயிர்சாதம் எப்போதும் இருக்கும். அது வண்டியில் சாப்பிட மட்டும், தோட்டத்துக்குள் எடுத்துப்போக வேண்டாம்.

இங்கே ஒயின் தொடங்கிய கதை எனக்குப் பிடிக்கும். 1960-களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி, இந்தப் பகுதியின் தட்பவெப்பம் பிரான்சின் போர்தோவைப் போன்றது என்று எழுதினார். அதை நம்பி 1967-இல் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தைப் போட்ட டாம் கல்லிட்டி ஓர் இதய மருத்துவர். அடுத்து மாஸ் வுட், கல்லன் தோட்டங்களைத் தொடங்கியவர்களும் மருத்துவர்களே. டாக்டர்கள் சேர்ந்து ஊரையே ஒயினுக்குப் பழக்கிவிட்டார்கள் என்று அம்மாவுக்கு இன்றும் சிரிப்பு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடைக் காலம். கொடிகளின் மேல் வலை போர்த்தியிருந்தால் அது பறவைகளைத் தடுக்க. மர்ரி மரம் நன்றாகப் பூக்கும் வருடத்தில் பறவைகள் அந்தத் தேனுக்குப் போய்விடும். பூக்காத வருடம் திராட்சைக்குத்தான் வரும்.

அலைவதைக் குறைக்க, பெர்த்திலிருந்து வரும் வழியிலேயே பசல்டன் படகுத்துறையை முடித்துவிடுங்கள். மரத்தூண்கள் மேல் 1,841 மீட்டர் கடலுக்குள் நீள்கிறது. நுனிவரை குட்டி ரயில் போகும். அங்கே எட்டு மீட்டர் ஆழத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பவளமும் மீனும். வெப்பமான லீவின் நீரோட்டம் இந்த அட்சரேகை வரை பவளத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ரயிலுக்கும் இந்தக் கடலடிக் கூடத்துக்கும் முன்பதிவு வேண்டும். அங்கிருந்து மார்கரெட் ரிவர் போகும் வழியில் கவரமப் ஊர்த் தெருக்களில் நிஜ மாட்டின் அளவிலேயே மாட்டுச் சிலைகள் 40-க்கு மேல் நிற்கின்றன; பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள், அரை மணி நேரம் நிம்மதி.

குகைகளில் லேக் குகை அழகு, ஆனால் 300-க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலிக்காரர்களை மாமத் குகைக்குக் கூட்டிப்போங்கள். முதல் கூடம் வரை சக்கர நாற்காலியே போகும், ஒலி வழிகாட்டி கேட்டபடி நம் வேகத்தில் நடக்கலாம். அப்புறம் கேவ்ஸ் ரோட்டில் தெற்கே போனால் போரனப் காடு. வானைத் தொடும் இந்தக் கர்ரி மரங்கள், நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் வெட்டித் தீர்த்தபின் மறுபடி வளர்ந்தவை. அன்று அந்த மரத்தைக் கப்பலேற்றிய துறை ஹேமலின் விரிகுடா. மிச்சமிருக்கும் தூண்களுக்குப் பக்கத்தில் இப்போது திருக்கை மீன்கள் கணுக்கால் தண்ணீர்வரை வரும். அசையாமல் நின்றால் காலருகே வழுக்கிக்கொண்டு போகும். தீனி போடாதீர்கள், தொடாதீர்கள், வாலில் முள் இருக்கிறது. அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே முக்கால் மணி நேரம் நின்றார். கூப்பிட்டால் "இருடா, இன்னொண்ணு வருது" என்கிறார்.

நான் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலையில் பாயும். காட்டுக்குள் செல்போன் சிக்னல் சரியாக இருக்காது; வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.