ஆசனவாய் அரிப்பு: கழுவுவதைக் குறையுங்கள், உலர்த்துவதைக் கூட்டுங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னையில் உடம்பில் வியர்வை காய நேரமே இருக்காது. டூவீலரில் ஒரு மணி நேரம், அப்புறம் நாற்காலியில் எட்டு மணி நேரம் என்று உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு ஆசனவாயைச் சுற்றி அரிப்பும் எரிச்சலும் வருவது சகஜம். யாரும் வெளியே சொல்வதில்லை. எனக்கு வந்தபோது நானும் சொல்லவில்லை. அழுக்குதான் காரணம் என்று நினைத்து, கிருமிநாசினி சோப்பு போட்டு ஒரு நாளைக்கு மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். பத்தே நாளில் அரிப்பு புண்ணாகிவிட்டது. தோல் மருத்துவர் சொன்ன முதல் வார்த்தை, "சோப்பை நிறுத்துங்க."

அந்த இடத்துத் தோல் மெல்லியது. அதன் மேல் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ப் பசையை சோப்பு எடுத்துவிடும். பிறகு ஈரம் ஊறும், அரிக்கும், சொறிவோம், கீறல் விழும், கீறலால் இன்னும் அரிக்கும். இந்தச் சுற்றை நிறுத்துவதுதான் நம் வேலை.

1. கழுவுதல்
மலம் கழித்த பிறகு வெறும் தண்ணீர் போதும். ஜெட் ஸ்ப்ரேயை முழு வேகத்தில் திறக்காதீர்கள். வேகமாக அடிக்கும் தண்ணீரே எரிச்சலைக் கூட்டும். மக்கில் எடுத்து ஊற்றி, விரல் நுனியால் மெதுவாகக் கழுவுங்கள். குளிக்கும்போது சோப்பு நுரை அங்கே தங்கிவிடாமல் கடைசியில் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். பயணத்துக்கு வாங்கும் ஈர வைப்ஸ் வேண்டாம். அதில் சேர்க்கும் வாசனைப் பொருளும் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமும் சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும்.

2. உலர்த்துதல்
பெரும்பாலும் நாம் விட்டுவிடுவது இதைத்தான். கழுவியதும் ஈரத்தோடு உள்ளாடையை ஏற்றிக்கொண்டு ஓடிவிடுகிறோம். பழைய வேட்டி ஒன்றைக் கைக்குட்டை அளவில் ஏழெட்டுத் துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் இதற்குச் சரி. துடைக்கக் கூடாது, துணியை வைத்து, லேசாக அழுத்தி, எடுக்க வேண்டும். மை ஒற்றுவது போல நாலைந்து முறை ஒற்றினால் ஈரம் போய்விடும். பிறகு இரண்டு நிமிடம் ஃபேன் காற்றில் விடுங்கள். ஒரு துண்டை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். துவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகே மறுபடி எடுக்கலாம்.

3. தடவுதல்
நன்றாக உலர்ந்த பிறகு, கைக்குழந்தைகளின் நாப்பி புண்ணுக்குப் போடும் ஜிங்க் ஆக்சைடு கிரீமையோ வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லிசாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டிப்போகும்.

மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த கிரீம் கைக்கு வந்துவிடலாம். இரண்டு நாளில் சுகமாகத்தான் இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும். படர்தாமரையாக இருந்தால் அடையாளமே தெரியாமல் தோலில் பரவும். 2018-இல் பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டதற்கு இந்த மாதிரித் தவறான பயன்பாடுதான் காரணம்.

4. உடை
தளர்வான காட்டன் உள்ளாடை. வியர்த்தால் மாற்ற, பையில் இன்னொன்று. ஐப்பசி மழையில் அரைகுறையாகக் காய்ந்ததைப் போடாதீர்கள், இஸ்திரி போட்டாவது ஈரத்தைப் போக்குங்கள்.

5. வயிறு
மலம் தளர்வாகப் போனால் எத்தனை கழுவினாலும் கொஞ்சம் கசியும், அரிப்பு தொடரும். இறுகிப்போனால் முக்கி முக்கித் தோல் வெடிக்கும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, போதுமான தண்ணீர் இருந்தால் பதமாகப் போகும். காப்பி, காரம், தக்காளி சிலருக்கு அரிப்பைக் கூட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி நாக்கைத் தண்டிக்க வேண்டாம். முதலில் காப்பியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் காப்பியை மறுபடி குடித்துக்கொண்டு அடுத்ததை நிறுத்திப் பாருங்கள்.

இரவில் தூக்கத்திலேயே சொறிவோம், அதனால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிப்பு தாங்காவிட்டால் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீரில் எதையும் கலக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் ராத்திரியில் அரிப்பு என்றால் நூல்புழுவாக இருக்கலாம். பெண் புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். மருத்துவர் சொல்லும் பூச்சி மாத்திரையை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை.

ரத்தம், சீழ், கட்டி, காய்ச்சல், கடும் வலி, கருத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். இவை இல்லாமல் மூன்று வாரம் ஆகியும் அரிப்பு தீராவிட்டாலும் போக வேண்டும். சென்ட்ரல் பக்கத்து ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எத்தனை நாளாக, எந்த நேரத்தில் அரிக்கிறது என்று ஒரு தாளில் எழுதி நீட்டலாம். இதுவரை தடவிய ட்யூப்களையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.